இருக்கட்டும் என்று எழுதியவள்

பல்லக்கா என்று கூப்பிட்டால்தான் அவள் சட்டென்று திரும்புவாள். சொந்தப் பெயரை அரசாங்கத் தாள்களில் பார்த்தால் யாரோ தூரத்துச் சொந்தக்காரியின் பெயர் போலிருக்கும். அந்த ஊரில் நம் மொழி பேசுகிறவர்களில் எத்தனையோ பேர் அவள் செய்த பல்லால் மென்று, அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தொன்பது வருடமாக ஒரே பட்டறை. ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்கு நடுவில், மாடியில் மூன்று அறை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அதில் சாந்தை ஊற்றி இறுகவைத்து, மெழுகில் வடிவம் பிடித்து, பீங்கான் பொடியைத் தூரிகை நுனியில் தொட்டுத் தொட்டு அடுக்கிச் சூளையில் வேகவைத்து எடுத்தால் பல். சொல்ல எளிது. ஒரு மயிரிழை உயரம் கூடினாலும் மாட்டியவருக்கு உயிர் போகும். வந்த புதிதில் தாடை என்பதற்கு அந்த ஊர்ச் சொல் அவளுக்குத் தெரியாது. முதலாளி தன் தாடையைத் தட்டித் தட்டிக் காட்டுவார். இப்போது அவள் வைத்ததுதான் அங்கே அளவு. மொழியும் வந்துவிட்டது. கடையில் சண்டை போடுகிற அளவுக்கு வரும். கோர்ட்டில் சண்டை போடுகிற அளவுக்கு வராது.

கோர்ட்டுக்குப் போக வேண்டிவந்தது வேன் தம்பியால்.

அவளையும் அந்தக் கிடங்குகளில் வேலை செய்த இன்னும் ஏழு பெண்களையும் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போகிறவன் அவன். ஐந்து வருடம் ஒருநாள் தாமதமாக வந்ததில்லை. ஒருமுறை வழுக்கி விழுந்து முன்பல் இரண்டு போனபோது, அவள்தான் கூலி வாங்காமல் இரண்டு பல் செய்து கொடுத்தாள். பக்கத்துப் பல்லில் இருந்த லேசான மஞ்சள் வரியைக்கூட விடாமல் கொண்டுவந்திருந்தாள். யார் பார்த்தாலும் பிறவிப் பல் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பல்லோடு சிரித்துக்கொண்டே ஒருநாள் கேட்டான்.

"அக்கா, வேன் இனிமே தாங்காது. கைமாத்தா ஒரு பதினெட்டு கெடச்சா புதுசு எடுத்துடுவேன். ஆறு ஆறா மூணு செக் இப்பவே தந்துடறேன்."

பதினெட்டாயிரம் அவளுடைய ஏழு வருடச் சேமிப்பு. கொடுத்தாள். முதல் செக் திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. மூன்றாவதும் 'கணக்கில் போதிய பணம் இல்லை' என்ற சீட்டோடு வந்து சேர்ந்த அன்று அவனிடமிருந்து செய்தி வந்தது:

"அக்கா, மூணாவது செக்கும் திரும்பிடுச்சுன்னு பேங்க்ல சொன்னாங்க. உங்க மூஞ்சில முழிக்கவே கூச்சமா இருக்கு. வீட்ல அவளுக்கு ஆபரேஷன். உங்க பணத்த நெனச்சா தூக்கமே வரல."

கையில் சாந்து காயக் காய, ஒற்றை விரலால் பதில் தட்டினாள்.

"பரவாயில்ல தம்பி, இருக்கட்டும். மொதல்ல அவங்கள பாருங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு வேன் வேறு பாதையில் போகத் தொடங்கியது. போன் அடிக்கும், எடுக்க மாட்டான். எட்டு மாதம் கழித்து, பஸ் நிறுத்தத்தில் நின்றவளின் முன்னால் ஒரு வெள்ளை வேன் வழுக்கிக்கொண்டு போனது, பின்னாலேயே இன்னொன்று. இரண்டிலும் அவன் போன் நம்பர் எழுதியிருந்தது.

"ரெண்டு வேன் வாங்கிட்டான்ங்க" என்றாள் வீட்டுக்கு வந்து.

அவள் கணவர் சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர். யார் வம்புக்கும் போகாதவர். தன் வம்புக்கே போகாதவர். "விடும்மா. நம்ம ஆளுங்க மேலயே கேஸ் போட்டா நாளைக்கு யார் மொகத்துல முழிக்கிறது?" என்றார்.

"அவன் மட்டும் என் மொகத்துல முழிக்காம ரெண்டு வேன் ஓட்டலாமா?"

வக்கீல் வைத்தாள். அந்த ஊர்க்காரர், நம் மொழி ஒரு சொல் தெரியாது. நோட்டீஸ் போனது. பதிலும் வந்தது. பணம் வாங்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. வாங்கினேன், செக்கும் கொடுத்தேன், ஆனால் அந்த அக்கா பெரிய மனசு பண்ணி வேண்டாமென்று எழுத்து மூலமாகச் சொல்லிவிட்டார்கள் என்றான். கூடவே அவள் அனுப்பிய செய்தியின் மொழிபெயர்ப்பு, முத்திரையோடு. பணம் கொடுத்தால் எதையும் மொழிபெயர்த்துக் கொடுக்கிற ஏதோ ஓர் அலுவலகம் செய்தது. அதில் அவள் எழுதியதாக இருந்தது இதுதான்: 'கவலை வேண்டாம், தம்பி. அது உங்களிடமே இருக்கட்டும்.'

வக்கீல் அந்தத் தாளை அவள் பக்கம் திருப்பி, இதை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார்.

"நான்தான். ஆனா இப்படி எழுதல."

எப்படித்தான் எழுதினீர்கள் என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அந்த ஊர் மொழியில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைத்தியர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அப்படித்தான் செய்வார்கள்.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. அதே வாரம் வெள்ளிக்கிழமை இன்னொரு கெடு. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பட்டறையை விற்கப்போகிறார். ஒரு பெரிய கம்பெனி சூளையையும் இயந்திரங்களையும் மட்டும் கேட்டிருந்தது, ஆட்கள் வேண்டாம். "நீயே எடுத்துக்கொள். பதினைந்தாயிரம் முன்பணம், வெள்ளி மாலைக்குள். மீதியை ஐந்து வருடத்தில் கட்டு" என்றிருந்தார் அவளிடம். வங்கியில் கேட்டுப் பார்த்தாள்; உதட்டைப் பிதுக்கினார்கள். ஆக அந்தப் பதினெட்டு வந்தால் பட்டறை அவளுடையது. வராவிட்டால் பட்டறையும் இல்லை, வேலையும் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் செலவு வேறு அவள் தலையில்.

கோர்ட் என்றால் உயரமான மேடையும் கூண்டும் இருக்குமென்று நினைத்திருந்தாள். அது ஒரு சாதாரண அறை. மங்கிய தரைவிரிப்பு, நீளமான மேசை, தண்ணீர் ஜாடி. நீதிபதி அவள் வயதுப் பெண், பென்சிலால் எழுதினார். பக்கத்தில் கோர்ட் வைத்த மொழிபெயர்ப்பாளர்: நரைத்த தலை, முகத்தில் எதையும் காட்டாத அம்மா. கேட்டதை மாற்றாமல், கூட்டாமல், குறைக்காமல் சொல்வதாக முதலில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அவருடைய தமிழ் பாடப்புத்தகம் பேசுவது போலிருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒல்லியான மனிதர். கையில் ஓர் அகராதி. அதில் மஞ்சள் காகிதம் ஒட்டிய பக்கம். அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"இச்செய்தியைத் தாங்கள் சுயநினைவோடுதான் எழுதினீர்களா?"

"ஆமாங்க. வேலைக்கு நடுவுல எழுதினேன்."

"'இருக்கட்டும்' என்ற இச்சொல்லின் வேர் 'இரு' என்பது. ஓரிடத்தில் தங்கு, நிலைபெறு எனப் பொருள். சரிதானே?"

"அது சரிங்க, ஆனா..."

"அப்படியென்றால் எது, எங்கே, யாரிடத்தில் இருக்கட்டும் என்றீர்கள்?"

பல்லக்கா திகைத்துப்போனாள். வாழ்நாளில் ஆயிரம் தடவை சொன்ன சொல். காபி வேண்டுமா என்றால் இருக்கட்டும். பையைத் தூக்கிக்கொள்ளட்டுமா என்றால் இருக்கட்டும். எது இருக்கட்டும், எங்கே இருக்கட்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"அது ஒரு மரியாதைக்குச் சொல்றதுங்க."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஒல்லி வக்கீலின் முகம் மலர்ந்தது.

"மரியாதையின் பொருட்டுப் பணத்தை விட்டுக்கொடுத்தீர்கள்?"

"ஐயோ, விட்டுக்குடுக்கலைங்க! இருக்கட்டும்னா... இப்போதைக்கு... அவர் கஷ்டத்துல இருக்காரு, அதனால..."

"அதனால் வேண்டாம் என்றீர்கள்."

"இல்லைங்க!"

'அதனால், இப்போதைக்கு, ஆனால்' என்று அவள் தடுமாறிய ஒவ்வொரு தடுமாற்றத்தையும் அந்த அம்மா நேர்மையாக அப்படியே பெயர்த்துச் சொன்னார். நேர்மைதான் அவளைக் கொன்றது. நீதிபதியின் பென்சில் ஏதோ எழுதியது. சுவரோரம் உட்கார்ந்திருந்த கணவர் தன் தொப்பியை மடியில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் தன் இடத்துக்கு வந்தபோது சேலைத் தலைப்பு வேர்வையில் கழுத்தோடு ஒட்டியிருந்தது. பதினெட்டுக்கு நாமம் போட்டுக்கொண்டது தன் விரல்தான் என்று நினைத்தாள்.

அடுத்து வேன் தம்பி. சட்டை, டை, பணிவு எல்லாம் புதிது. சாட்சி நாற்காலியின் பக்கத்தில் கைகட்டி நின்றான். நேரமாகும் என்று பட்டதோ என்னவோ, நீதிபதி கையைக் காட்டி ஏதோ சொன்னார்.

"தாங்கள் அமரலாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"பரவாயில்லம்மா, இருக்கட்டும்" என்றான் அவன்.

மொழிபெயர்ப்பாளர் நீதிபதியிடம் திரும்பி அந்த ஊர் மொழியில் நான்கே சொல் சொன்னார். அந்த நான்கு சொல் பல்லக்காவுக்கு நன்றாகத் தெரியும். கடையில் தினமும் கேட்பது. 'நன்றி, இப்போதைக்கு வேண்டாம்.'

இப்போதைக்கு.

வக்கீலின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் பொறுங்கள் என்று சைகை காட்டினார். காதருகே போய்ச் சொன்னாள். நம் மொழியும் அவர் மொழியும் கலந்து, அவளுக்கே புரியாத ஒன்றாக வந்தது. அவர் மறுபடி சைகை காட்டினார். அங்கே அடுத்த கேள்வி தொடங்கிவிட்டது. அந்தச் சொல் காற்றில் கரைந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் போனால் அவன் சொன்னானா என்றே யாருக்கும் நினைவிருக்காது.

எழுந்து நின்றாள்.

கதவோரம் நின்ற கோர்ட் சேவகர் முறைத்தார். நீதிபதி பென்சிலால் மேசையைத் தட்டி, உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்க கேட்டத மாத்தாம சொல்றேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. இதையும் சொல்லுங்க. நாற்காலி குடுத்தப்ப அவர் சொன்ன வார்த்தை என்னன்னு நீதிபதி கேக்கட்டும்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு சொன்னார். ஒல்லி வக்கீல் பாதி எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். நீதிபதி கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, அந்தச் சொல்லைத் தாளில் எழுதச் சொன்னார்.

அந்த அம்மா பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தார். நீதிபதி அதை எடுத்து, வழக்குக் கட்டில் இருந்த செய்தியின் நகலுக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்கு நம் எழுத்து தெரியாது. பென்சில் நுனியை ஒவ்வொரு எழுத்தின் மேலும் வைத்து, அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று குழந்தை படம் ஒப்பிடுவது போல ஒப்பிட்டார். ஏழு எழுத்து. கடைசிப் புள்ளிவரை வந்ததும் நிமிர்ந்து, சாட்சியைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த நாற்காலி யாரிடம் இருக்கட்டும் என்றீர்கள்?" மொழிபெயர்ப்பாளரின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

வேன் தம்பியின் கை தானாக வாய்க்குப் போனது. "அது... அது நாற்காலிக்குச் சொன்னதுங்க. பணத்துக்கு வேற."

அது பெயர்க்கப்பட்டபோது நீதிபதி பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அரைமணி நேரம் இடைவேளை. இரு தரப்பும் வெளியே பேசிக்கொள்ள ஏதாவது இருந்தால் பேசிக்கொள்ளலாம் என்றார்.

நடைகூடத்தில் காசு போட்டால் காபி தருகிற இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. வக்கீல்கள் இருவரும் ஜன்னலோரம் போய்ப் பேசினார்கள். அவள் வக்கீல் திரும்பி வந்து சொன்னதன் சாரம் இது: பன்னிரண்டு தருகிறார்கள், மீதியை மறந்துவிட வேண்டும். நீங்கள் ஜெயிக்கலாம், ஆனால் தீர்ப்பு வர ஆறு வாரம் ஆகும், அப்புறம் அவன் கணக்கைத் தேடிப் பிடித்து வசூலிக்க ஒரு வருடம் ஆகலாம். என்னைக் கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.

"வாங்கிக்கலாம்மா" என்றார் கணவர். "பன்னெண்டு பன்னெண்டுதானே. வீட்டுக்குப் போலாம்."

"பன்னெண்ட வச்சு பட்டறைல முக்காவாசிக் கதவுதான் தொறக்கும்ங்க" என்றாள். நேராக வேன் தம்பியிடம் நடந்தாள். ஒல்லி வக்கீல் குறுக்கே வந்தார். அவருக்குப் புரியாத மொழியில் பேசப்போகிறவளை எப்படித் தடுப்பதென்று தெரியாமல் விலகிக்கொண்டார்.

"தம்பி."

"அக்கா, உங்கள அசிங்கப்படுத்தணும்னு நான் நெனைக்கல. வக்கீல் சொன்னபடி..."

"மொதல்ல அந்த ரெண்டு பல்லக் கழட்டி வச்சிட்டுப் பேசுங்க. நான் செஞ்ச பல்ல வச்சுக்கிட்டு எங்கிட்டயே பொய் சொன்னா எனக்குக் கூசுது."

அவன் உதட்டை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டே பேசப் பார்த்தான். "சரிக்கா. பன்னெண்டுக்கு இப்பவே செக் எழுதித் தரேன்."

"செக்கா?" என்றார் கணவர். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருடத்தில் அவர் யாரிடமும் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. "ஏற்கெனவே மூணு செக்கு வீட்ல அலமாரில கெடக்கு தம்பி. நாலாவதுக்கு எடமில்ல. மாலையா கோத்தா போட்டுக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள். "பதினஞ்சு. இப்ப, இங்கயே, போன்லேர்ந்து என் கணக்குக்கு. மிச்சம் மூணு வர்ற பத்தாம் தேதிக்குள்ள. அத உள்ள போய் நீதிபதி எழுதிக்கணும். ஆபரேஷன்னு சொன்னப்ப நான் ஒரு வார்த்தை கேட்டனா? நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காக்கா" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"சந்தோஷம். உங்க கணக்குல இல்லாத பணம் அவங்க கணக்குலதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். போன் போடுங்க."

இல்லை என்று அவன் சொல்லவில்லை. தன் வக்கீலைப் பார்த்தான். அவர் தாழ்ந்த குரலில் ஏதோ கணக்குச் சொன்னார். 'வட்டி', 'செலவுத்தொகை' என்ற இரண்டு சொல் அவள் காதில் விழுந்தது. வேன் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மனைவிக்குப் போன் போட்டான். "எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்... சொன்னா கேளு... பதினஞ்சு... ஆமா, பல்லக்காவுக்குத்தான்... கத்தாத, கோர்ட்ல இருக்கேன்."

"அனுப்பிட்டா" என்றான் திரும்பி.

பல்லக்கா தன் போனைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. திரை மூலையில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை, அந்தத் தடித்த சுவர்களுக்குள் அவளுடைய மலிவுச் சிம் எடுபடவில்லை. படிக்கட்டு ஜன்னலுக்குப் போய்க் கையை உயர்த்திப் பிடித்தாள். ஒரு கோடு வந்தது, போனது.

அதற்குள் சேவகர் கதவைத் திறந்து வழக்கு எண்ணைக் கூப்பிட்டார். வக்கீல் கை காட்டி அவசரப்படுத்தினார். வேன் தம்பி உள்ளே போய்விட்டான். அவள் நகரவில்லை.

"வாம்மா! உள்ள போகலன்னா வரலன்னு எழுதிடுவாங்களாம்!" என்றார் கணவர்.

"வராம உள்ள போக மாட்டேன்ங்க. உள்ள போய் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா அப்புறம் வரலன்னா? மூணு தடவ நம்பியாச்சு."

சேவகர் இரண்டாம் முறை கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். கணவர் ஓடினார். பெட்டி அடுக்கிப் பழகிய தோளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கொடுத்து நின்றார். "என் மனைவி, வருகிறார், ஒரு நிமிடம்" என்றார், தனக்குத் தெரிந்த அந்த ஊர் மொழி மொத்தத்தையும் செலவழித்து. சேவகர் தள்ளினார். அவர் அசையவில்லை, சிரித்துக்கொண்டே அசையவில்லை. மறுபடி "ஒரு நிமிடம்" என்றார். "நீ பாரும்மா!" என்று தோள்மேல் கத்தினார்.

ஜன்னல் கம்பி வழியாகப் போனை வெளியே நீட்டினாள். விரல் வழுக்கியது. கீழே விழுந்தால் மூன்று மாடி. ஒரு கோடு. இரண்டு கோடு. போன் உள்ளங்கையில் அதிர்ந்தது.

இழுத்து உள்ளே எடுத்து, ஒன்று, ஐந்து, அப்புறம் மூன்று பூஜ்யம் என்று விரல் வைத்து எண்ணினாள். நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து அங்கேயும் எண்ணினாள். பிறகுதான் ஓடினாள்.

உள்ளே நீதிபதி, இரு தரப்பும் சமாதானமாகிவிட்டதா, கணக்குத் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். ஒல்லி வக்கீல் ஆமாம் என்று தலையாட்டினார். நீதிபதி பென்சிலை எடுத்தார்.

"பதினஞ்சு வந்திருச்சு. மூணு இன்னும் வரணும், பத்தாம் தேதிக்குள்ள" என்றாள் பல்லக்கா. மூச்சு வாங்கியது.

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். நீதிபதி எழுதினார்.

"அம்மா, 'இன்னும் வரணும்'னு சொன்னேனே, அத விடாம சொன்னீங்களா?"

அந்த முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

"சொல்லிட்டேன்மா. எழுதிட்டாங்க. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தாள்.